தாருக்கு வெளியே என்ன இருக்கிறது?

பொங்கல் விடுமுறை முடிந்த கையோடு இதை எழுதுகிறேன். பைக்கில் விழுந்து வருகிறவர்களைப் போதும் போதும் என்கிற அளவுக்குப் பார்த்தாகிவிட்டது. தஞ்சாவூரில் எலும்பு முறிவு அறுவை மருத்துவராக இருக்கிறேன். சென்னை பக்கத்து இருங்காட்டுக்கோட்டை பந்தயத் தடத்தில் போட்டி நாட்களில் மருத்துவக் குழுவிலும் நின்றிருக்கிறேன். பந்தயத் தடத்தில் பைக்கிலிருந்து விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன், கால்வாய்க் கரையில் விழுந்தவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் ஒன்றென்று நினைக்கிறவர்கள்தான் என் வார்டுக்கு வருகிறார்கள்.

கடைசியாக வந்த தம்பி மலேசியாவில் வேலை பார்க்கிறவர், விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தார். சாயங்காலம் கல்லணைக் கால்வாய்க் கரைச் சாலையில் வேகமாக வந்திருக்கிறார். சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்ந்துகொண்டிருந்தது. வண்டி ஏறிவிடக் கூடாதென்று நெல்லின் ஓரத்தில் வரிசையாகக் கல் வைப்பது நம் ஊர் வழக்கம். அந்தக் கல்லில் முன்சக்கரம் ஏறியது. சறுக்கிக்கொண்டே போய் மதகின் கைப்பிடிச் சுவரில் மோதி நின்றார். தொடை எலும்பு முறிவு, இடுப்பெலும்பில் விரிசல். முழுமுகத் தலைக்கவசம், தோல் சட்டை, கையுறை, முழங்கால் காப்பு என்று எல்லாம் போட்டிருந்தார், எல்லாமே தரமான சாமான். உடம்பில் பெரிதாகச் சிராய்ப்புகூட இல்லை.

அறுவை முடிந்து பேச முடிந்ததும், மலேசியாவின் செபாங் பந்தயத் தடத்தை மனதில் வைத்து அவர் கேட்டார்: "சார், செபாங்ல இதைவிட ஸ்பீடுல விழுந்திருக்கேன். எழுந்து நடந்தே போயிட்டேன். நம்ம ரோடும் இப்ப அதே தரத்துலதானே இருக்கு?"

இந்த "அதே தரம்" என்கிற பேச்சுதான் எனக்குத் தாங்கவில்லை. விக்கிரவாண்டி நான்குவழிச் சாலையில் விழுந்து வருகிறவரும் இதையேதான் சொல்கிறார், திருச்சி சாலையில் விழுந்து வருகிறவரும் இதையேதான் சொல்கிறார். ரோடு சும்மா ரேஸ் ட்ராக் மாதிரி இருக்கிறதாம். புதுத்தார், பள்ளம் இல்லை, நேராகப் போகிறது, ஆகவே ட்ராக். பையன்கள் மட்டுமில்லை, கூட வரும் சித்தப்பாவும் அதையே சொல்கிறார்.

பந்தயத் தடத்தின் தரம் தாரின் வழவழப்பில் இல்லை. முதலில், நல்ல தடத்தின் தார் வழவழப்பாகவே இருக்காது. மேடுபள்ளம் இருக்கக் கூடாது, ஆனால் உப்புத்தாள் மாதிரி டயரைப் பிடிக்க வேண்டும், மழைநீர் தேங்காமல் ஓட வேண்டும். அதுவும் சின்ன விஷயம்தான். ஒரு தடத்தைச் சோதிக்க வருகிறவர்கள் அதிக நேரம் பார்ப்பது தார் முடிந்த இடத்திலிருந்து வெளியே இருப்பதைத்தான். வண்டி கைவிட்டுப் போனால் எங்கே போகும், எவ்வளவு தூரம் போகும், எதில் முட்டும், முட்டியவரிடம் எத்தனை நொடியில் ஆள் போவார்? தரம் என்பது இந்த நாலு கேள்விக்கான பதில். 1999இல் திறந்த செபாங் 5.543 கிலோமீட்டர் சுற்று. வளைவுக்கு வளைவு வெளிப்பக்கம், தடம் விட்டுப் போன வண்டி எதிலும் முட்டாமல் வேகம் குறைய விட்டிருக்கும் அகலமான ஓடுபரப்பும் சரளைப் படுகையும் இருக்கின்றன. அதற்கப்புறம்தான் டயர் அடுக்கோ காற்று மெத்தையோ. அந்தத் தம்பி அங்கே எழுந்து நடந்தது அவருடைய திறமையால் இல்லை. சறுக்குவதற்கு அங்கே இடம் இருந்தது, அவ்வளவுதான். தோல் சட்டை சறுக்கலுக்குத்தான் காப்பு, சுவருக்குக் காப்பு இல்லை.

இப்போது நம் கரைச் சாலையைப் பாருங்கள். ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், இரண்டும் சரிவு. தாரின் விளிம்பிலிருந்து சரிவு தொடங்க ஒரு கால் வைக்கிற இடம்கூடப் பல இடங்களில் கிடையாது. புளியமரம், மைல்கல், மின்கம்பம், மதகுச் சுவர் எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில். கீழே களிமண். மழையில் ஊதி வெயிலில் சுருங்கும், அதோடு சாலையும் இறங்கும். மதகு மட்டும் இறங்காது. அதனால் ஒவ்வொரு மதகிலும் ஒரு தூக்கல் இருக்கிறது. நாற்பதில் போனால் இடுப்பு குலுங்கும், நூறில் போனால் சக்கரம் தரையை விடும். நடவுக் காலத்தில் டிராக்டரின் இரும்புச் சக்கரம் உதிர்த்த சேறு, அறுவடையில் வைக்கோலும் பதரும். நெல் காயப் போடுகிற விவசாயியைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. களம் இல்லாதவர் எங்கே போவார்? ஈரப்பதம் குறையாமல் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். அந்தச் சாலை அவருக்கும் உரியது.

நான்குவழிச் சாலையில் மரமில்லை, இரும்புத் தடுப்பு போட்டிருக்கிறார்கள் என்பார்கள். அந்தத் தடுப்பு காருக்கானது. கார் உரசினால் திருப்பிவிடும். பைக்கிலிருந்து விழுந்தவர் அதன் அடியில் சறுக்கிப் போய்த் தூணில் அடிபடுகிறார். அந்தக் காயங்களை இங்கே விவரிக்கப் போவதில்லை. பந்தய உலகத்தில் இந்த வேறுபாட்டை நன்றாகவே அறிவார்கள். காருக்குச் சான்று தருவது எஃப்.ஐ.ஏ. என்ற உலகக் கார் பந்தய அமைப்பு, பைக்குக்குச் சான்று தருவது எஃப்.ஐ.எம். என்ற உலக பைக் பந்தய அமைப்பு, இரண்டும் வேறு சான்று. மொனாக்கோவிலும் சிங்கப்பூர் மெரினா பேயிலும் ஃபார்முலா ஒன் கார் பந்தயம் நடக்கிறது, மோட்டோ ஜிபி பைக் பந்தயம் நடப்பதில்லை. உலகத்தின் புகழ்பெற்ற தெருத் தடங்களே பைக்குக்கு ஆகாது என்றால் நம் புறவழிச்சாலை மட்டும் எப்படி ஆகும்?

"தீவுத்திடல்ல ரோட்லயே ரேஸ் விட்டாங்களே?" என்பது அடுத்த கேள்வி. 2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னையில் அந்த இரவுக் கார் பந்தயம் நடந்தது உண்மைதான். சுமார் 3.5 கிலோமீட்டர் சாலையை மூடி, இரண்டு பக்கமும் கான்கிரீட் தடுப்பும் வலையும் நிறுத்தினார்கள். அப்படியும் எஃப்.ஐ.ஏ. சான்று வரத் தாமதமானதால் முதல் நாள் நிகழ்ச்சி மணிக்கணக்கில் தள்ளிப்போனது. கூட்டம் காத்திருந்தது, வண்டிகள் தயாராக நின்றன, சான்று வருகிறவரை யாரையும் இறங்க விடவில்லை. அதுதான் தரம்.

இதைவிட எனக்குப் பிடித்த உதாரணம் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங். 2020 அக்டோபரில் ஃபார்முலா ஒன் வெள்ளிக்கிழமைப் பயிற்சிகள் இரண்டையும் ரத்து செய்தார்கள். தடத்தில் ஒரு குறையும் இல்லை. மூடுபனியால் மருத்துவ ஹெலிகாப்டர் பறக்க முடியவில்லை, அடிபட்டவரை நேரத்துக்குள் மருத்துவமனை சேர்க்க வழியில்லை, ஆகவே யாரும் ஓட்ட வேண்டாம் என்று நிறுத்தினார்கள். அதே ஊரின் பழைய வடக்குத் தடம் இருபது கிலோமீட்டருக்கு மேல் நீளம். 1976 ஆகஸ்ட்டில் நிக்கி லாடா என்ற ஃபார்முலா ஒன் ஓட்டுநர் அங்கே நெருப்பில் சிக்கினார். அவரை இழுத்து வெளியே போட்டவர்கள் பின்னால் வந்த சக ஓட்டுநர்கள். அவ்வளவு நீளத்துக்குத் தீயணைப்பையும் மருத்துவத்தையும் போதிய அளவு நிறுத்த முடியவில்லை. அதற்குப் பிறகு ஃபார்முலா ஒன் அந்தத் தடத்துக்குத் திரும்பவில்லை. 2020இல் பஹ்ரைனில் ரொமான் குரோஜான் என்ற ஓட்டுநரின் கார் இரண்டாகப் பிளந்து எரிந்தபோது, முதல் சுற்றில் பின்னாலேயே வந்த மருத்துவக் கார் சில நொடிகளில் பக்கத்தில் நின்றது. தன் காலால் எழுந்து வந்தார் அவர்.

முதல் சுற்றில் மருத்துவக் கார் பின்தொடரும் வழக்கத்துக்கு ஒரு பின்கதை உண்டு, எங்கள் துறைக்காரர்களுக்கு அது முக்கியம். 1978 செப்டம்பரில் இத்தாலியின் மான்சாவில் ரோனி பீட்டர்சன் என்ற ஸ்வீடன் வீரர் பந்தயம் தொடங்கியதுமே நடந்த மோதலில் சிக்கினார். கால்களில் பல முறிவு, உதவி வரத் தாமதம். நினைவோடுதான் இருந்தார், பிழைத்துவிடுவார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். மறுநாள் காலையில் இறந்துபோனார். முறிந்த எலும்பின் மஜ்ஜையிலிருந்து கொழுப்பு ரத்தத்தில் கலந்து உறுப்புகளை அடைத்துவிட்டது. அந்த ஆண்டுதான் சிட் வாட்கின்ஸ் என்ற நரம்பியல் அறுவை நிபுணர் ஃபார்முலா ஒன் மருத்துவப் பொறுப்புக்கு வந்திருந்தார். அதற்கப்புறம் மருத்துவக் காரும், மயக்க மருத்துவரும், ஹெலிகாப்டரும் இல்லாமல் பந்தயம் கிடையாது என்று அவர் பிடிவாதமாக நின்று சாதித்தார்.

பீட்டர்சனை இங்கே இழுத்ததற்குக் காரணம் உண்டு. "தலையில அடி இல்லியே டாக்டர், கால்தானே" என்று சொல்லிக்கொண்டே இரண்டு நாள் கழித்துக் கூட்டிவருகிறார்கள். நடுவில் எண்ணெய்க் கட்டு போட்டிருப்பார்கள். தொடை எலும்பு முறிந்தால் வெளியே ஒரு சொட்டும் தெரியாமல் உள்ளேயே ஒரு லிட்டருக்கு மேல் ரத்தம் இறங்கும். முறிந்த கால் ஆடஆட, கொழுப்பு கலக்கும் ஆபத்தும் கூடும். இளவயது, தொடை முறிவு, மறுநாள் மூச்சுத் திணறல், தடுமாறும் பேச்சு என்று யாராவது சொன்னால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும்.

சரி, நம் நாட்டுத் தடங்கள் எப்படி? கிரேட்டர் நொய்டாவில் இருக்கும் புத் சர்வதேசத் தடம் 5.125 கிலோமீட்டர். 2011 முதல் மூன்று ஆண்டு ஃபார்முலா ஒன் நடந்தது, 2023இல் மோட்டோ ஜிபியும் நடந்தது. கட்டுமானத்தில் செபாங்குக்கு இளைத்ததில்லை, இரண்டையும் வடிவமைத்தவர் ஹெர்மன் டில்கே. இருங்காட்டுக்கோட்டை 1990இல் திறந்தது, 3.717 கிலோமீட்டர். கோவை செட்டிபாளையத்தில் இருப்பது இன்னும் சிறியது. இவற்றை அயல்நாட்டுத் தடங்களோடு ஒப்பிட்டு மட்டம் தட்டுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். அங்கே ஒவ்வொரு வளைவிலும் கொடி பிடித்து ஒரு மார்ஷல் நிற்கிறார், ஆம்புலன்ஸ் வெளியே போனால் அது திரும்பும்வரை ஓட்டம் நிற்கிறது. அப்படியும் 2023இல் அந்த இருங்காட்டுக்கோட்டையிலேயே ஜனவரியில் ஒரு மூத்த கார் பந்தய வீரரும், ஆகஸ்ட்டில் பைக் ஓட்டிய 13 வயதுச் சிறுவனும் உயிரிழந்தார்கள். நல்ல தடம் ஆபத்தைக் குறைக்கும், இல்லாமல் ஆக்காது. செபாங்கிலேயே 2011இல் மார்கோ சிமோன்செல்லி என்ற மோட்டோ ஜிபி வீரர் இறந்தார். விழுந்த அவர்மீது பின்னால் வந்த பைக்குகள் மோதிவிட்டன, ஓடுபரப்பு எவ்வளவு இருந்தும் பயனில்லை. ஜப்பானின் சுசூகாவில் 2014இல் ஜூல்ஸ் பியாஞ்சி என்ற ஃபார்முலா ஒன் ஓட்டுநர், ஓடுபரப்பில் வேறொரு காரை எடுக்க வந்திருந்த பளுதூக்கி வண்டியில் மோதினார். அடுத்த ஆண்டு உயிர் பிரிந்தது. ஓரத்தில் ஒரே ஒரு வண்டி. அறுவடை மாதத்தில் இருட்டிய பிறகு நம் சாலையோரத்தில் பின்விளக்கு இல்லாமல் நிற்கும் டிராக்டர் பெட்டிகளை ஒருநாள் நின்று பார்த்துவிட்டு, அப்புறம் முறுக்குங்கள்.

பிரிட்டன் பக்கத்துத் தீவான ஐல் ஆஃப் மேனில், கல் சுவரும் விளக்குக் கம்பமுமாக இருக்கும் சாலையில் நடக்கும் பைக் பந்தய வீடியோவை என்னிடம் காட்ட வேண்டாம். சுமார் 60 கிலோமீட்டர் மலைச் சுற்று அது. இதுவரை 250க்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டிருக்கிறது. 1976க்குப் பிறகு பைக் கிராண்ட் பிரீ (இன்றைய மோட்டோ ஜிபி) உலக சாம்பியன்ஷிப் பட்டியலிலேயே அது இல்லை.

பெற்றோருக்கு ஒன்று. பதினெட்டு நிறையாத பிள்ளை கையில் சாவி கொடுத்தால் வழக்கு உங்கள்மேல் வரும். 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், பிள்ளைக்கு 25 வயதுவரை உரிமம் கிடையாது. சாலையில் பந்தயம் விடுகிறவருக்கும் சிறை உண்டு. சட்டத்தைச் சொன்னால் யாரும் பயப்படுவதில்லை என்பதும் தெரியும். அதனால் கெஞ்சியே கேட்கிறேன், மார்க் வாங்கினால் பெரிய பைக் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

விழுந்தவரைப் பார்த்தால் 108ஐ அழையுங்கள். கரைச் சாலையில் எந்த மதகு, எந்தப் படித்துறை, எந்தக் கரை என்று சொல்லுங்கள். மறுகரைக்குப் போய்விட்டால் அடுத்த பாலம்வரை சுற்றி வர வேண்டும். மூச்சு ஓடுகிறவரை தலைக்கவசத்தைப் பிடுங்காதீர்கள். தண்ணீர், சோடா எதுவும் கொடுக்காதீர்கள். முறிந்த காலை மூங்கிலோ பலகையோ வைத்து, இல்லாவிட்டால் நல்ல காலோடு சேர்த்து, துண்டால் கட்டுங்கள். உருவாதீர்கள், இழுக்காதீர்கள். உதவி செய்தவர் பேர் சொல்லக் கட்டாயமில்லை, காவல் நிலையம் அலைய வேண்டியதில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு அரசுத் திட்டம் இருக்கிறது, பணத்துக்கு நின்று நேரத்தைக் கழிக்காதீர்கள்.

வேகம் வேண்டும் என்கிற தம்பிகளே, ஆசையைத் தப்பு என்று சொல்லவில்லை. இருங்காட்டுக்கோட்டையிலும் கோவையிலும் பயிற்சிப் பள்ளிகள் இருக்கின்றன. காசு சேர்த்துப் போங்கள், முறையாகக் கற்றுக்கொண்டு ஓட்டுங்கள். நாலு பேர் சேர்ந்து வண்டிகளைச் சின்ன யானையில் ஏற்றிக்கொண்டு போய், அதிலேயே திரும்பக் கொண்டுவாருங்கள். நாள் முழுக்கத் தடத்தில் ஓட்டியவருக்கு நூறு என்பது மெதுவாகத் தெரியும், அந்தக் கண்ணோடு இரவில் ஓட்டிக்கொண்டு ஊர் திரும்பக் கூடாது.