அடக்கி வாசிக்கும் ஹார்மோன்கள்

மதுரையை ஒட்டியுள்ள சாமநத்தம் கண்மாயில் தண்ணீர் வற்றிச் சேறு தெரியத் தொடங்கும் நாள்களில், மெல்லிய அலகால் ஓயாமல் சேற்றைக் கொத்திக்கொண்டிருக்கும் கொசு உள்ளான்களைக் காணலாம். எடை முப்பது கிராம் தேறினாலே அதிகம். முட்டையிடுவதோ ஆர்க்டிக் கடலை ஒட்டிய துந்திரச் சமவெளியில். குளிர்காலத்தை நம் கண்மாய்களில் கழிக்கும்போது அவற்றின் விதைப்பையும் சூலகமும் சுருங்கிக் கிடக்கின்றன. பறவைகளில் இந்த உறுப்புகள் பருவத்துக்குப் பருவம் நூறு மடங்குக்கு மேலும் பெருத்துச் சுருங்கக்கூடியவை. வலசை போகும் உடல் வேண்டாத சுமையைத் தூக்கிக்கொண்டு பறப்பதில்லை.

அந்த உறுப்புகளை எழுப்பும் முதன்மையான சைகை பகலின் நீளம் என்பதை, கனடாவின் எட்மண்டன் நகரில் வில்லியம் ரோவன் 1920-களில் காட்டினார். ஜுன்கோ என்னும் சிறு குருவிகளைக் கடுங்குளிரில் திறந்தவெளிக் கூண்டுகளில் வைத்து, மாலையில் மின்விளக்கெரித்துப் பகலைச் சிறிது சிறிதாக நீட்டினார். உறைபனிக்கு நடுவிலும் ஆண் குருவிகளின் விதைப்பைகள் வசந்தகாலம் வந்துவிட்டதுபோல் பெருத்தன.

அந்த வெளிச்சத்தைப் பறவை கண்ணால் மட்டும் அறிவதில்லை என்பதுதான் இதில் விந்தை. மைக்கேல் மெனாக்கர் சிட்டுக்குருவிகளின் உச்சந்தலைத் தோலுக்கடியில் கறுப்பு மையைச் செலுத்தியபோது, கண்கள் நன்றாக இருந்தும் அவற்றின் விதைப்பைகள் நீண்ட பகலுக்கு முன்போல் வளரவில்லை. மண்டையோட்டைக் கடந்து வரும் மங்கலான ஒளியை, மூளையின் ஆழத்திலுள்ள ஹைபோதலாமஸ் பகுதியின் உணர்செல்கள் நேரடியாகவே பெறுகின்றன. அதன்பின் நடப்பதை ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் தக்காஷி யோஷிமுரா குழுவினர் காடைகளில் துலக்கினர். நீண்ட பகலின் முதல் நாளிலேயே, மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் மேற்பகுதியில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் சுரக்கிறது. அது வழக்கம்போல் கழுத்திலுள்ள தைராய்டுக்குச் செல்லாமல் மூளைக்குள்ளேயே ஏறி, அங்குள்ள தைராய்டு ஹார்மோனை வீரியமுள்ள வடிவத்துக்கு மாற்றவைக்கிறது. அதைத் தொடர்ந்து ஹைபோதலாமஸ் பிட்யூட்டரிக்கும், பிட்யூட்டரி இனப்பெருக்க உறுப்புகளுக்கும் ஆணையிடுகின்றன.

மதுரையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே சுமார் எழுபது நிமிட வேறுபாடுதான் உண்டு. இவ்வளவு சிறிய மாற்றத்தை மட்டும் நம்பிக் கிளம்பும் நாளைக் குறிப்பது கடினம். வலசைப் பறவைகளின் உடலில் ஏறத்தாழ ஓர் ஆண்டுக்கு ஒருமுறை சுழலும் உட்கடிகாரம் உண்டு என்பதை, பகலும் இரவும் மாறாத அறைகளில் வளர்த்த கதிர்க்குருவிகளைக் கொண்டு எபர்ஹார்ட் க்வின்னர் நிறுவினார். அந்தக் கடிகாரம் பறவையைக் கொழுக்கவைத்துக் கிளப்பிவிடுகிறது. வடக்கே செல்லச் செல்ல வேகமாக நீளும் பகல் மீதி வேலையைப் பார்த்துக்கொள்கிறது. மழையும் கண்மாய் நிறைவும் பார்த்துக் கூடுகட்டும் நம்மூர் நாரைகளுக்கு நாள் தள்ளிப்போட இடமுண்டு. துந்திராவில் பனி விலகி மீண்டும் மூடுவதற்குள் சில வாரங்களே கிடைப்பதால், உள்ளானுக்கு அந்த வசதி இல்லை.

ஹார்மோன் என்றாலே தூண்டுவது, கிளறிவிடுவது என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். குளிர்நிலப் பறவைகளின் உடலியலில், என் பார்வையில், பாராட்டத்தக்கது ஹார்மோன்கள் நேரமறிந்து அடங்கும் விதமே. டெஸ்டோஸ்டிரோனை எடுத்துக்கொள்வோம். ஆண் பறவையைப் பாடவும் எல்லைக்காகச் சண்டையிடவும் செய்வது அது. ஆனால் ஆண் ஜுன்கோக்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோனைச் செயற்கையாக உயர்த்தியபோது, அவை அதிகம் பாடி, தொலைதூரம் சுற்றி, குஞ்சுகளுக்கு இரையூட்டுவதைக் குறைத்துக்கொண்டன. ஆண் பறவையும் குஞ்சுகளைப் பேணும் இனங்களில் இந்த ஹார்மோன் தேவைப்படும்போது மட்டும் உயர்ந்து உடனே தணிய வேண்டும் என்பது ஜான் விங்ஃபீல்ட் குழுவினர் 1990-இல் முன்வைத்த கருதுகோள். ஆர்க்டிக் சிட்டுகளில் அந்த உச்சம், வந்திறங்கி எல்லை பிடித்து இணைசேரும் சில நாள்களுக்குள் அடங்கிவிடுகிறது.

குஞ்சுகளைத் திரும்பியும் பாராத ஆண்களின் கதை வேறு. அலாஸ்காவின் வடகோடியில் பெக்டோரல் உள்ளான் ஆண்களைக் கண்காணித்தபோது, அவற்றில் ஒன்று 19 நாள்கள் 95 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட நேரம் விழித்தே இயங்கியது. மிகக் குறைவாக உறங்கிய ஆண்களே அதிகக் குஞ்சுகளுக்குத் தந்தையாயின. (சூரியன் மறையாத ஊரில் இரவுப்பணிக்கு யார் கணக்குப் பார்ப்பது?)

அடுத்தது கார்டிகோஸ்டிரோன் என்னும் நெருக்கடி ஹார்மோன். ஆபத்தின்போது அது உயர்ந்து, இனப்பெருக்க வேலைகளை ஒதுக்கிவைத்து உயிர் பிழைக்கும் வழியைப் பார்க்கச் செய்கிறது. இதை அளக்கும் முறை எளிது: வலையில் சிக்கிய பறவையின் இறக்கைச் சிரையிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் ஒரு துளி இரத்தம் எடுத்துவிட வேண்டும், ஏனெனில் பிடிபட்ட அதிர்ச்சி அதற்குமேல் அளவை ஏற்றிவிடும். பறவையைத் துணிப்பையில் வைத்து, அரைமணி கழித்து மீண்டும் எடுக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள இடைவெளியே நெருக்கடிக்கு உடல் பதிலளிக்கும் வீரியம். விங்ஃபீல்டும் உடனாய்ந்தோரும் அலாஸ்காவில் இப்படி அளந்தபோது, கூடுகட்டும் ஆர்க்டிக் இனங்கள் பலவற்றில், அதிலும் அடைகாக்கும் பொறுப்பை அதிகம் ஏற்கும் பாலினத்தில், இந்த ஏற்றம் மட்டுப்பட்டிருந்தது. ஜூன் மாதத்திலும் பனி கொட்டும் நிலத்தில் ஒவ்வொரு தூறலுக்கும் உடல் பதறினால் எந்த முட்டையும் பொரியாது. அதேவேளையில் அந்த அடக்கத்துக்கும் எல்லை உண்டு. புயல் நாள்கணக்கில் நீடித்து, இரை புதைந்து, உடற்கொழுப்பும் கரைந்துபோகும் நிலையில் கார்டிகோஸ்டிரோன் மேலேறும். பறவை கூட்டைக் கைவிட்டுப் பனியில்லாத இடம் தேடிப் பறந்துவிடும். அடுத்த ஆண்டு வரை உயிரோடிருப்பது, விறைத்த முட்டைகளின் மேல் சாவதைவிட மேலான கணக்கு.

அடைகாக்கும் பொறுமையைத் தருவது புரோலாக்டின். ஃபலரோப் என்னும் உள்ளானினத்தில் பெண் நிறம் பளிச்சிட்டு இணைக்குப் போட்டியிட, ஆண்தான் அடைகாக்கும். புரோலாக்டினும் ஆணுக்கே அதிகம். அண்டார்க்டிகாவின் பேரரசப் பென்குயினில் இந்த ஹார்மோனின் பிடி இன்னும் இறுக்கமானது. குஞ்சை விட்டுவிட்டு வாரக்கணக்கில் கடலில் இரைதேடும்போதும் அதன் அளவு குறைவதில்லை. அவ்வளவு தொலைவு போனபின்னும் பென்குயின் குஞ்சிடம் திரும்புவது அதனால்தான் எனக் கருதப்படுகிறது. இதற்கு ஒரு பக்கவிளைவும் உண்டு. தம் முட்டையையோ குஞ்சையோ இழந்த பென்குயின்கள் பிறர் குஞ்சைக் கவர்ந்துகொள்வது அடிக்கடி நடக்கிறது. பிரெஞ்சு ஆய்வாளர்கள் அத்தகைய பறவைகளுக்குப் புரோலாக்டினைக் குறைக்கும் மருந்தைச் செலுத்தியபோது குஞ்சுக் கடத்தலும் குறைந்தது.

இவற்றுக்கெல்லாம் முடிவு குறிப்பதும், தொடங்கிவைத்த அதே நீண்ட பகல்தான். வெளிச்சம் பல வாரங்கள் தொடர்ந்து விழுந்தபின், குளிர்ப்பகுதிப் பறவைகள் பலவற்றின் மூளை அதற்குச் செவிசாய்ப்பதை நிறுத்திவிடுகிறது. பகல் இன்னும் நீண்டிருக்க, இரை இன்னும் கிடைத்துக்கொண்டிருக்க, விதைப்பையும் சூலகமும் சுருங்கத் தொடங்குகின்றன. பல இனங்களில் இறகுதிர்ப்பும் அதையொட்டியே வருகிறது. குறுகிய பகல்களைக் கொண்ட ஒரு காலத்தைக் கடந்த பின்னரே அந்த மூளை மறுபடியும் வெளிச்சத்துக்கு இணங்கும்.