நெடுவில்லா, ரீகர்வ் வில்லா? டர்பனில் வாங்குவதற்கு முன்

வில்லின் கீழ்க்கையில் (பிடிக்குக் கீழே வளையும் பகுதியில்) சிறிய எழுத்தில் ‘30 பவுண்டு, 28 அங்குலம்’ என்று எழுதியிருக்கும். எந்த வகை வில் என்று முடிவு செய்வதற்கு முன் இந்த எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். 28 அங்குலம் இழுத்தால் விரலில் விழும் பாரம் 30 பவுண்டு என்பது இதன் பொருள். ஓர் அங்குலம் கூடினாலோ குறைந்தாலோ ஏறத்தாழ 2 பவுண்டு மாறும். உங்கள் இழுப்பு நீளத்தை அறிய, இரு கைகளையும் விரித்து விரல்நுனி முதல் விரல்நுனி வரை அளந்து 2.5 ஆல் வகுங்கள். 170 செ.மீ. என்றால் 68 செ.மீ., அதாவது சுமார் 27 அங்குலம்.

பெரியவர்களுக்கும் முதல் வில் 20 முதல் 30 பவுண்டுக்குள் போதும். 45 பவுண்டு வில்லோடு தொடங்குபவருக்குத் தோள் மேலே ஏறும், கை நடுங்கும், முழுதாக இழுக்குமுன்பே நாண் விடுபடும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் களைவது பெரும்பாடு.

இரண்டு வில்லையும் பிரித்தறிய நுனியைப் பாருங்கள். நெடுவில்லில் நாண் நுனிக்காடியை மட்டுமே தொடும். ரீகர்வில் நுனி முன்னோக்கி வளைந்திருப்பதால் நாண் வில்லின் கை மீதும் சிறிது படிந்து கிடக்கும். அந்த வளைவுதான் கூடுதல் ஆற்றலைச் சேமிக்கிறது. ஒரே பாரத்தில் ரீகர்வின் அம்பு பொதுவாக வேகமாகப் போகும், இழுப்பின் கடைசி அங்குலமும் மென்மையாக இருக்கும். ஆனால் பிடி சற்றுத் திருகினாலும் அம்பு விலகும். நெடுவில்லின் கைகள் குறுகலாகவும் தடிமனாகவும் இருப்பதால் அந்தப் பிழையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பதிலுக்கு, எய்தபின் உள்ளங்கையில் அதிர்வு கூடுதலாகத் தெரியும்.

தொடக்கக்காரருக்கு என் பரிந்துரை, மூன்று துண்டாகக் கழற்றும் 62 முதல் 66 அங்குல ரீகர்வ். உடம்பு பழகியபின் வில்லின் கைகளை மட்டும் மாற்றிப் பாரத்தைக் கூட்டலாம். நெடுவில்லில் அதற்குப் பெரும்பாலும் வேறு வில்லே வாங்க வேண்டும். மனம் நெடுவில்லில்தான் என்றால் தாராளமாக வாங்குங்கள், பாரத்தை மட்டும் குறையுங்கள். அம்பையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுங்கள்: பல நெடுவில்களில் அம்பு நடுக்கோட்டில் அமராமல் பிடியைச் சுற்றி வளைந்து செல்வதால், சற்று நெகிழ்வான தண்டு தேவை. உலக வில்வித்தைச் சம்மேளனத்தின் நெடுவில் பிரிவில் மர அம்புதான் அனுமதி.

நம் ஊரில் பலர் கவனிக்காதது காற்றின் ஈரம். முழுக்க மரத்தாலான நெடுவில் டர்பனின் கோடை ஈரத்தை உறிஞ்சும். பாரம் குறையும், நாணைக் கழற்றியபின்னும் வளைந்தே நிற்கும். அதே வில்லை ஜூலையில் ஜோஹன்னஸ்பர்க்கின் வறண்ட குளிருக்குக் கொண்டுபோனால் மரம் காய்ந்து மொறமொறப்பாகும். போனவுடன் முழுதாக இழுத்தால் முறியக்கூடும். இரண்டு வாரமாவது நாணேற்றாமல் வைத்திருந்து, பிறகு பாதி இழுப்பில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுங்கள். கண்ணாடியிழை ஒட்டிய வில்லுக்கு ஈரம் பெரிய தொல்லையில்லை; அதன் எதிரி வெயிலில் நிற்கும் கார். சூட்டில் பசை இளகி அடுக்குகள் பிரியும்.

ரீகர்வைக் காலிடுக்கில் வளைத்து நாணேற்றாதீர்கள். வில்லின் கை முறுக்கிக்கொண்டால் நாண் நடுவில் நிற்காது. நாணேற்றும் கயிறு ஒன்று வாங்கினால் போதும், விலையும் குறைவு. அம்பில்லாமல் நாணை விடுவதும் கூடாது. அம்புக்குப் போக வேண்டிய ஆற்றல் முழுவதும் வில்லுக்கே திரும்பும், ஒரே தடவையில் வில்லின் கை பிளக்கலாம். எடை மிகக் குறைந்த அம்பும் ஏறக்குறைய அதே கேட்டைச் செய்யும். அதனால் ஒவ்வொரு பவுண்டுக்கும் 8 முதல் 10 கிரெயின் (அம்பின் எடையைச் சொல்லும் சிறிய அளவு), அதாவது 30 பவுண்டு வில்லுக்கு 240 முதல் 300 கிரெயின் எடை வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வில் வாங்கும்போது ஒரு துண்டுப் பஞ்சை வில்லின் கைகளின் ஓரமெங்கும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். எங்காவது பஞ்சு சிக்கினால் அங்கே சிராய் கிளம்பியிருக்கிறது. அந்த வில்லில் நாணேற்றாதீர்கள்.