பிளாஸ்டிசைசர்: நெகிழியாக்கியா, நெகிழ்வூட்டியா?

பிவிசி இயல்பிலேயே விறைப்பான பொருள். தண்ணீர்க் குழாய் செய்வதும் அதில்தான், மின்கம்பிக்கு மேல் வளைகிற உறை போடுவதும் அதில்தான். உறை வளைவதற்குக் காரணம் அதில் கலந்திருக்கும் எண்ணெய் போன்ற ஒரு திரவம். அதற்குப் பெயர் பிளாஸ்டிசைசர்.

கிரேக்கத்தில் பிளாஸ்ஸெய்ன் என்றால் பிசைந்து உருவம் கொடுப்பது. அப்படி உருவம் கொடுக்க வருகிறதெல்லாம் பிளாஸ்டிகோஸ், களிமண் உட்பட. பிளாஸ்டிக் என்பது ஒரு பொருளின் பெயராக மாறியது வெகு பின்னால். பிளாஸ்டிசைசர் அந்தப் பழைய குணப்பெயரிலிருந்து வந்த சொல்: குழைவைக் கொடுப்பது என்று பொருள்.

தமிழில் நெகிழியாக்கி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அது உறுத்துகிறது. நெகிழி என்றாலே பிளாஸ்டிக் என்று ஆகிவிட்ட பிறகு, நெகிழியாக்கி என்றதும் பிளாஸ்டிக் தயாரிக்கும் ஏதோ ஒன்று என்றுதான் தோன்றும். நெகிழ் என்ற வினை பழையது. பிரிவால் மெலிந்தவளின் கைவளை நெகிழ்ந்ததாகச் சங்கப் பாடல்கள் சொல்லும். இறுக்கம் தளர்வதுதான் அதன் அடிப்படை. அந்தத் தளர்வைத் தருவது நெகிழ்வூட்டி. நிறமூட்டி, மணமூட்டி, இனிப்பூட்டி என்ற வரிசையில் இது இயல்பாக உட்கார்கிறது. வெளியிலிருந்து சேர்க்கப்பட்டது என்பதையும் 'ஊட்டி' சொல்லிவிடுகிறது. அந்த 'வெளியிலிருந்து'தான் இங்கே முக்கியம்.

பிவிசியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகள், குளோரின் அணுக்களால் உண்டாகும் மின்முனைவு (ஒரு பக்கம் சற்று நேர்மின், மறுபக்கம் சற்று எதிர்மின்) காரணமாக ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. நெகிழ்வூட்டியின் சிறிய மூலக்கூறுகள் அவற்றின் நடுவே புகுந்து இடைவெளி உண்டாக்க, சங்கிலிகள் நகர ஆரம்பிக்கும். விறைப்பு விலகும் வெப்பநிலை சாதாரண பிவிசிக்கு சுமார் 80 டிகிரி செல்சியஸ். போதிய அளவு சேர்த்தால் அறை வெப்பநிலைக்கும் கீழே போய்விடும். நூறு பங்கு ரெசினுக்கு, அதாவது எதுவும் கலக்காத பிவிசிக்கு, 30 முதல் 60 பங்கு வரை சேர்ப்பது சாதாரணம். மிகக் கொஞ்சமாகச் சேர்த்தால் சில சமயம் பொருள் முன்னைவிட விறைத்துப்போவதும் உண்டு.

இவ்வளவு சேர்த்தும் வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. உள்ளே தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். அதனால் மெல்ல வெளியேறும். மென்மையான பிவிசி அழிப்பானைப் பிளாஸ்டிக் அளவுகோலோடு நெடுநாள் சேர்த்து வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். அழிப்பானிலிருந்த நெகிழ்வூட்டி அளவுகோலுக்குள் இறங்கி அதையும் இளக்கிவிடுகிறது. பழைய ரெக்சின் உறை வெடிப்பதிலும் இந்த வெளியேற்றத்துக்குப் பங்குண்டு.

வெளியேறுவது நம் உடம்புக்குள் போனால்? இந்தக் கேள்விதான் பித்தலேட்டுகளைச் சிக்கலில் மாட்டியது. 1930களிலிருந்து நெகிழ்வூட்டிகளில் கோலோச்சியவை அவை. அவற்றில் சில ஹார்மோன் செயல்பாட்டைக் குலைக்கின்றன என்று தெரிந்தபின், ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் டிஇஎச்பி உள்ளிட்ட மூன்று பித்தலேட்டுகளுக்கு பொம்மைகளில் 0.1 சதவீதம் என்ற வரம்பு வைத்தது. அமெரிக்கா 2008இல் அதே அளவைக் கொண்டுவந்தது. ரத்தப் பைகளின் கதை வேறு: அங்கே கசியும் டிஇஎச்பி சிவப்பணுக்களின் சவ்வைச் சிதையாமல் காக்கிறது. அதனாலேயே அதைச் சட்டென்று நீக்க முடியவில்லை.

மாற்றாகப் பேசப்படும் தாவர வழி நெகிழ்வூட்டிகள் புதிய எண்ணம் என்று நினைத்தால், தொடக்ககாலப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டைப் பார்க்க வேண்டும். ஹயாட் சகோதரர்கள் 1870இல் காப்புரிமை பெற்ற அந்தப் பொருளில் நைட்ரோசெல்லுலோஸை இளக்கியது கற்பூரம், அன்றைக்கு மரத்திலிருந்து எடுத்தது. பழைய டேபிள் டென்னிஸ் பந்தில் வருவதும் அந்த வாசனைதான். பிவிசியின் முறை வந்தது 1926இல். ரப்பரை உலோகத்தோடு ஒட்ட ஒரு பசை தேடிக்கொண்டிருந்த அமெரிக்க வேதியியலாளர் வால்டோ செமன், பிவிசியை அதிகக் கொதிநிலையுள்ள கரைப்பானில் சூடாக்க, ரப்பர் போன்ற ஒன்று கையில் கிடைத்தது.

இன்று எபாக்சி ஏற்றிய, அதாவது மூலக்கூறில் ஆக்சிஜன் வளையங்கள் சேர்த்த, சோயா எண்ணெய் பரவலாகப் பயன்படுகிறது. பிவிசி சூட்டில் விடும் ஹைட்ரஜன் குளோரைடையும் அது பிடித்துக்கொள்வதால் இரட்டை லாபம். ஆனால் தனியாக முழு வேலையையும் செய்யாது, அளவு மிஞ்சினால் மேற்பரப்பில் கசியும். சிட்ரிக் அமிலத்திலிருந்து வரும் சிட்ரேட்டுகள், ஆமணக்கு எண்ணெயிலிருந்து வரும் செபசேட்டுகள், ஸ்டார்ச் பிளாஸ்டிக்குக்கு கிளிசரால் என்று வரிசை நீளும். தாவரத்திலிருந்து வந்தாலும் இவையும் வெளியேறக்கூடியவைதான். வெளியே வந்தபின் உடம்பில் என்ன செய்கின்றன என்பதைத்தான் பார்க்க வேண்டும். 'பயோ' என்ற முத்திரை அதற்குப் பதிலாகாது.

வெளியேறாமல் இருக்க ஒரு வழி, சங்கிலியிலேயே இன்னொரு மூலக்கூறைக் கோப்பது. வினைல் குளோரைடோடு வினைல் அசிட்டேட்டைச் சேர்ப்பது அப்படி. இங்கே 'ஊட்டி' பொருந்தாது. அகநெகிழ்வு என்று சொல்லிவிடலாம்.

அப்புறம் மாடிஃபையர். பிளாஸ்டிக்கின் குணத்தை மாற்றச் சேர்ப்பவற்றுக்கு இது பொதுப்பெயர்: அடிபட்டால் உடையாமல் காக்க ரப்பர் துகள் சேர்ப்பது, எபாக்சி ரெசினின் நொறுங்கும் குணத்தைக் குறைப்பது எல்லாம் இதில் அடங்கும். பண்பேற்றி என்றால் வானொலி அலைகளின் பண்பேற்றத்தோடு (மாடுலேஷன்) குழம்பும். பண்புமாற்றி போதும், குறிப்பாகச் சொல்ல, தாக்குதாங்கு பண்புமாற்றி என்று நீட்டிக்கொள்ளலாம்.

கான்கிரீட்டில் கலக்கும் பிளாஸ்டிசைசரின் வேலையே வேறு. அது சிமெண்ட் துகள்கள் திரளாமல் பிரித்து, குறைந்த தண்ணீரிலேயே கலவையை இளக வைக்கிறது. இறுகிய கான்கிரீட் வளையப்போவதில்லை. அதற்குக் குழைவூட்டி என்று தனிப்பெயர் வைப்பது நல்லது.