தூண்டில் ராடில் கைடைப் பிடித்திருப்பது நூல், மேலே தெரியும் பளபளப்பு இல்லை

போன மாதம் ஒரு தம்பி ஒடிந்த ராடைக் கொண்டுவந்தார். கோவளம் பக்கம் கரையிலிருந்து வீசியிருக்கிறார், நல்ல பாரை மீன் ஒன்று மாட்டியிருக்கிறது, அது இழுத்துக்கொண்டு ஓடிய வேகத்தில் நடுக் கைடு, அதாவது நரம்பு ஓடும் வளையம், ஒன்று நூல்கட்டிலிருந்து உருவிக்கொண்டு வந்து பிரெய்டு நரம்பிலேயே தொங்கியிருக்கிறது. அந்த இடத்தில் பாரத்தைப் பகிர்ந்துகொள்ள ஒன்றும் இல்லாமல் வளைவு முழுக்க ஒரே பக்கம் விழுந்து ராடு போய்விட்டது. "பிளாங்க் மட்டம்ணே" என்றார். பிளாங்க் என்பது ராடின் வெறும் கம்பு, அதில் ஒரு குறையும் இல்லை. கட்டியிருந்த இடத்தை லென்ஸ் வைத்துப் பார்த்தேன், நூலும் அதன்மேல் பூசிய எபாக்ஸிப் பசையும் கண்ணாடி மாதிரி அப்படியே இருந்தன, கைடின் கால், அதாவது நூலுக்கு அடியில் போகும் பட்டை, இருந்த இடம் மட்டும் உறையிலிருந்து கத்தியை உருவியதுபோல வெறும் பொந்தாக இருந்தது.

ராடு கட்டித் தருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், வீட்டிலேயே கட்டிப் பார்க்கிறவர்களும் நிறைய. நல்ல விஷயம்தான். ஆனால் எல்லோரும் கண் வைப்பது மேல்பூச்சில். கைடை ராடோடு பிடித்திருப்பது நூல், எபாக்ஸியின் வேலை அந்த நூலை அசையாமல் வைத்து வெயில், உப்பு, உரசல் எதுவும் அதைத் தொடாமல் காப்பது. நூல் வேலை சரியில்லை என்றால் எத்தனை கோட் போட்டாலும் பிரயோஜனம் இல்லை.

இந்த ராடில் இருந்தது ஒற்றைக்கால் கைடு. அதில் நூல் காலின் நுனியிலிருந்து ஏறி வளையத்தின் தண்டு வரை வந்து நின்றுவிட்டால், கால் ஒரு பக்கம் திறந்த பைக்குள் செருகிய மாதிரிதான் இருக்கும், பலமான இழுப்பு வந்தால் வந்த வழியே வெளியேறும். அதனால்தான் முடிக்கும் இடத்தில் நூலைத் தண்டுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் 3, 4 சுற்று போட வேண்டும். தண்டு நூலுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும், கால் எங்கேயும் போக முடியாது. பூட்டுக்கட்டு என்று நான் சொல்வேன். ஒரு கைடுக்கு இரண்டு நிமிடம்கூட அதிகம் ஆகாது, அதைக்கூடச் செய்யாமல் காசு வாங்கிக்கொண்டு ஒருவர் ராடைக் கொடுக்கிறார் என்றால் எனக்கு உண்மையிலேயே கோபம் வருகிறது.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியது காலின் நுனி. கடையில் வாங்கும் கைடு, பெயர்பெற்ற ஃபூஜி கம்பெனியுடையதே ஆனாலும், பெட்டியிலிருந்து எடுத்து நேராகக் கட்டாதீர்கள். நுனியின் மேல்பக்கத்தைச் சின்ன அரத்தால் சரிவாகத் தேய்க்க வேண்டும், பிளாங்கிலிருந்து நூல் இடைவெளி விடாமல் காலின் மேல் ஏறிப்போகிற அளவுக்கு. அப்புறம் அடிப்பக்கம். அங்கே பிசிறு இருந்தால் விரலுக்கு லேசாகத்தான் தெரியும், ஆனால் ராடு ஒவ்வொரு முறை வளையும்போதும் அது கார்பன் நாரைக் கொத்திக்கொண்டே இருக்கும், ஒருநாள் சரியாகக் கால் நுனிக்கு நேராக ஒடியும். அடியை உப்புத்தாளால் தேய்த்து, தட்டையான இடத்தில் வைத்து, கால் ஆடாமல் படிகிறதா என்று பாருங்கள். வளைந்திருக்கிற காலை நூலின் இறுக்கத்தால் அமுக்கிப் படிய வைக்கலாம் என்று நினைக்கவே கூடாது.

இறுக்கம் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். முடிந்த மட்டும் இழுத்துக் கட்டினால்தான் பலம் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது, அது தப்பு. கட்டி முடித்ததும், எபாக்ஸி போடுவதற்கு முன்னால், கட்டைவிரலால் நன்றாக அழுத்தித் தள்ளினால் கைடு ஒரு மயிரிழை நகர வேண்டும். நேர்க்கோட்டில் வைப்பதற்கு அந்த நகர்வு தேவை. துளிகூட நகரவில்லை என்றால் பிளாங்கை நெரித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். கைடை முதலில் பிடித்துவைக்க மாஸ்கிங் டேப் போதும், காலுக்கு அடியில் ஃபெவிக்விக் வேண்டாம். நேர் பார்க்கும்போது நகராது, பின்னால் கழற்றவும் பாடாய்ப் படுத்தும்.

நூல் நைலான் என்றால் லேசான ராடுக்கு மெல்லிய ஏ சைஸ், கனமானதற்குத் தடித்த டி சைஸ். நிறம் மாறாமல் இருக்க மேலே ஒரு திரவம் தடவுவார்கள், அதைத் தடவினால் எபாக்ஸி நூலுக்குள் இறங்குவது குறையும். கடலில் பெரிய மீனுக்குப் போகிற ராடுக்கு நான் தடவுவதில்லை, நிறம் கொஞ்சம் கருத்தாலும் பரவாயில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.

எபாக்ஸியில் பெரும்பாலான தப்பு அளவில் வருகிறது. ரெசின், ஹார்டனர் என்று இரண்டு திரவம், சரிக்குச் சரி கலக்க வேண்டியதைக் கண்ணளவில் ஊற்றினால் ஒரு வாரம் கழித்தும் பிசுபிசுப்பு போகாது. இரண்டுக்கும் தனித்தனி சிரிஞ்ச் வையுங்கள், மாற்றிப் போடாதீர்கள். நம் ஊர் வெயிலில் கலவை சீக்கிரம் கெட்டியாகும் என்பதால் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குவது நல்லது, ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் மேலே பால்போலப் படலம் விழும், அந்த நாட்களில் நான் பூச்சு வேலையையே தள்ளிவைக்கிறேன். கையுறை கட்டாயம். ஹார்டனர் தொடர்ந்து தோலில் பட்டால் ஒவ்வாமை வரும், வந்துவிட்டால் அப்புறம் இந்தத் தொழிலே செய்ய முடியாது.

பூசும்போது காலுக்கு இரண்டு ஓரத்திலும் நூலுக்கு அடியில் ஒரு சின்னச் சுரங்கம் இருப்பதைக் கவனியுங்கள். கால் உயரமாக இருப்பதால் நூல் பிளாங்கைத் தொடாமல் சரிவாக இறங்குகிற இடம் அது. முதல் கோட்டிலேயே அதற்குள் எபாக்ஸி இறங்கி நிறைய வேண்டும். நிறையாமல் மேலே மட்டும் மூடிவிட்டால் உப்புத்தண்ணீர் உள்ளே போய்த் தங்கும், ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் காற்றுப் படாமல் உப்பில் ஊறினால் துரு பிடிக்கும். கட்டுக்கு அடியில் பழுப்புக் கறை தெரிகிற ராடுகள் எல்லாம் இப்படி வந்தவைதான். ஒரே தடித்த கோட் போடாமல் மெல்லியதாக இரண்டு போடுங்கள், கெட்டியாகும்வரை ராடைச் சுற்றிக்கொண்டே இருங்கள். பழைய மைக்ரோவேவ் அடுப்பில் தட்டைச் சுற்றும் மோட்டார் கிடைத்தால் அதுவே போதும்.

ஏற்கெனவே ராடு வைத்திருப்பவர்கள் கடலுக்குப் போகும் முந்தின இரவு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். ஒவ்வொரு வளையத்தையும் இரண்டு விரலால் பிடித்து மெதுவாக அசையுங்கள், 'டிக்' என்று சத்தம் கேட்டாலோ கால் நுனியில் வெள்ளைக் கோடு தெரிந்தாலோ உள்ளே பிடி விட்டிருக்கிறது. வளையத்துக்குள் காது குடையும் பஞ்சுக் குச்சியை விட்டுச் சுற்றுங்கள், பஞ்சு எங்காவது மாட்டினால் அங்கே விரிசல், பிரெய்டை அது அறுத்துவிடும்.

அப்படி ஒரு கைடை மாற்ற வேண்டி வந்தால் பிளேடு காலின் இரும்புக்கு நேர் மேலே மட்டும்தான் ஓட வேண்டும். நூலை அங்கே சீவிவிட்டு, லேசாகச் சூடு காட்டி, மீதியை விரல் நகத்தால் உரித்து எடுங்கள். பிளாங்கின் மேல் பிளேடு ஒரு கீறல் போட்டாலும் அடுத்த பெரிய மீனுக்கு அந்த இடத்தில்தான் ஒடியும். கை நடுங்குகிறவர்கள், அவசரத்தில் இருக்கிறவர்கள் அந்த வேலையைத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.