மீட்டரில் ஏறாத கணக்கு

கட்டடங்களில் எரிசக்தித் தணிக்கை செய்வது என் தொழில். கருவிப் பெட்டியுடன் உள்ளே நுழைந்ததும் பெரும்பாலானவர்கள் முதலில் எனக்குக் காட்டுவது விளக்குகளைத்தான். குண்டு பல்புகளையெல்லாம் மாற்றிவிட்டதாகவும், ஆளில்லாத அறையில் விளக்கு எரிய விடுவதில்லை என்றும், கைபேசி சார்ஜரைக்கூட மறக்காமல் பிடுங்கி வைப்பதாகவும் சொல்வார்கள். அந்த அக்கறையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் கைபேசி இணைக்கப்படாமல் சும்மா செருகியிருக்கும் இன்றைய நல்ல சார்ஜர் ஒன்று இழுப்பது 0.1 வாட் அளவுதான். ஆண்டு முழுவதும் அப்படியே கிடந்தாலும் ஒரு யூனிட் கூடத் தேறாது. அதே வீட்டின் குளியலறைச் சுவரில், கண்ணில் படாத உயரத்தில், ஒரு வெந்நீர்த் தொட்டி நாளெல்லாம் சூடாகிக்கொண்டிருக்கும். அதைப் பற்றி அவர்களாகவே பேச்செடுப்பது அரிது.

ஒளி கண்ணில் படுகிறது, வெப்பம் படுவதில்லை என்பதே இதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஒரு யூனிட் மின்சாரத்தில் எவ்வளவு ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதை விளக்க நான் வழக்கமாகச் சொல்லும் கணக்கு ஒன்று உண்டு. இழப்புகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், ஒரு டன் எடையுள்ள காரை அந்த ஒரு யூனிட்டால் 360 மீட்டருக்கு மேல் தூக்கிவிடலாம். அதாவது 330 மீட்டர் உயரமுள்ள ஈபிள் கோபுரத்தின் உச்சியையும் தாண்டி. அதே யூனிட்டைத் தண்ணீரில் செலவிட்டால், ஏறத்தாழ 28 லிட்டரை 30 டிகிரி சூடேற்ற முடியும், அவ்வளவுதான். 100 லிட்டர் வெந்நீருக்கு மூன்றரை யூனிட் ஆகிறது. அதை வைத்து 9 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்றை 380 மணி நேரத்துக்கு மேல் எரிய விடலாம்.

அந்த மின்சாரம் நிலக்கரியிலிருந்து வருவதானால் நிலைமை இன்னும் விசித்திரமானது. அனல் மின் நிலையத்தில் நிலக்கரியை எரித்து வெப்பம் உண்டாக்கி, அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைக் குளிர்விப்புக் கோபுரங்கள் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வெளியே விட்டு, மிஞ்சியதை மின்சாரமாக்கிக் கம்பி வழியே வீடு வரை கொண்டுவந்து, அங்கே மறுபடியும் வெப்பமாகவே மாற்றுகிறோம். இப்படி ஒவ்வொரு யூனிட்டுக்கும் சுமார் ஒரு கிலோ கரியமில வாயு காற்றில் சேர்கிறது. 1958இல் அமெரிக்க அறிவியலாளர் சார்லஸ் கீலிங் ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது, காற்றில் பத்து லட்சம் பங்குக்குச் சுமார் 315 பங்காக இருந்த அந்த வாயு, 2024இல் 420ஐத் தாண்டிவிட்டது.

தொட்டியின் சூட்டைக் குறைத்து வையுங்கள் என்று தொழிலுக்கு வந்த புதிதில் எளிதாகச் சொல்லிவிடுவேன். மிதமான சூட்டில் நீண்ட நேரம் தேங்கும் நீரில் நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா பாக்டீரியா பெருகக்கூடும் என்பதால், சேமித்து வைக்கும் வெந்நீர் 60 டிகிரியில் இருப்பதே பாதுகாப்பு என்று பின்னரே கற்றேன். ஆகவே இப்போது தொட்டிக்கும் குழாய்களுக்கும் வெப்பக்காப்பு உறை போடச் சொல்கிறேன். வெயில் தாராளமாகக் கிடைக்கும் கூரை என்றால் சூரிய வெந்நீர்க் கலனையும், இல்லாவிட்டால் ஹீட் பம்பையும் பரிந்துரைக்கிறேன். ஹீட் பம்ப் வெப்பத்தை உற்பத்தி செய்வதில்லை. வெளிக்காற்றிலிருக்கும் வெப்பத்தை அள்ளிக்கொண்டு வந்து நீரில் சேர்க்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு மூன்று யூனிட் அளவு வெப்பம் கிடைப்பது அதனால்தான்.

ஆனால் அந்த அள்ளும் வேலையைச் செய்வது உள்ளே சுற்றிவரும் குளிர்பதன வாயு. ஃபிரிட்ஜிலும் ஏசியிலும் அப்படித்தான். எந்த மீட்டரிலும் ஏறாத கணக்கு இங்கேதான் தொடங்குகிறது. ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை வந்தபின், பழைய குளிர்பதன வாயுக்களான குளோரோஃபுளோரோ கார்பன்களின் இடத்துக்கு நாளடைவில் வந்த வாயுக்கள் ஓசோனைத் தொடவில்லை. வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் மட்டும் கரியமில வாயுவைப் பல மடங்கு விஞ்சிவிட்டன. ஏராளமான ஏசிகளில் உள்ள ஆர்-410ஏ வாயுவுக்கு, 100 ஆண்டுக் கணக்கில், அந்த மடங்கு 2,000க்கும் மேல். ஒரு கிலோ கசிந்து போனால், நிலக்கரி மின்சாரத்தில் சுமார் 2,000 யூனிட் செலவழித்ததற்கு ஈடான பாதிப்பு. இவற்றைப் படிப்படியாகக் குறைக்கவே 2016இல் ருவாண்டாவின் தலைநகர் கிகாலியில் அந்த உடன்படிக்கைக்குத் திருத்தம் செய்யப்பட்டது. ஆர்-32, புரோப்பேன் போன்ற மாற்றுகள் சந்தைக்கு வந்துவிட்டன. ஆயினும் ஏற்கெனவே சுவர்களில் மாட்டியிருக்கும் இயந்திரங்களுக்குள் பழைய வாயு இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

“கேஸ் குறைந்துவிட்டது, போட்டால் சரியாகிவிடும்” என்று பழுதுபார்க்க வருபவர் சொல்லும்போது பலரும் அதை வண்டிக்குப் பெட்ரோல் போடுவதைப் போல எடுத்துக்கொள்கிறார்கள். பெட்ரோல் எரிந்து தீரும். இந்த வாயு தீராது. மூடிய குழாய்க்குள் மட்டுமே சுற்றும் பொருள் குறைந்திருக்கிறது என்றால், அது வெளியேறிய ஓட்டை எங்கோ இருக்கிறது என்றே பொருள். அதைக் கண்டுபிடித்து அடைத்தபின் நிரப்பச் சொல்ல வேண்டும். பழைய இயந்திரத்தைக் கழற்றும்போதும் வாயுவை வெளியே திறந்துவிடாமல் உருளையில் பிடித்துக்கொள்ளச் சொல்ல வேண்டும். அப்படிப் பிடிப்பதற்கான மீட்புக் கருவியைக் கொண்டுவர முடியுமா என்று வேலை தொடங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது.

இதையெல்லாம் ஊருக்குச் சொல்லும் நானே, என் வீட்டு ஏசிக்குத் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் வாயு நிரப்பியிருக்கிறேன். வேலை மும்முரத்தில் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மூன்றாம் ஆண்டு அறை மறுபடியும் குளிராமல் போனபோதுதான், சோப்பு நுரையை எடுத்துக்கொண்டு நானே இணைப்புகளில் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தேன். வெளியே இருந்த பெட்டியின் நட்டு ஒன்றில் சிறு குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. குழாயின் முனையைப் புதிதாக விரித்து, அந்த நட்டைச் சரியாக முறுக்குவதற்கு அரை மணி நேரம்கூட ஆகவில்லை.