ட்ரிம்மருக்குள் இரண்டு புள்ளிகள்

"ட்ரிம்மரில் சார்ஜ் நிற்பதில்லை. திறந்தால் பேட்டரியை போர்டோடு சேர்த்து ஈயம் வைத்திருக்கிறார்கள். நானே மாற்றலாமா?" என்று ஒரு வாசகர் கேட்கிறார்.

மாற்றலாம். பழைய செல்லில் 1.2 வோல்ட் என்றிருந்தால் பெரும்பாலும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 3.7 என்றால் லித்தியம் அயான். பென்சில் செல் அளவில் இரண்டுமே உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று ஆகாது. ப்ளஸ், மைனஸ் தெரியும்படி முதலில் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சரி, அப்புறம்தான் விஷயம் இருக்கிறது.

செல்லின் உடம்பில் நேரடியாக ஈயம் வைக்கக் கூடாது. சால்டரிங் அயர்ன் முனை சுமார் 350 டிகிரி. லித்தியம் அயான் செல்லுக்குள் இரு மின்முனைகளையும் தொடவிடாமல் தடுக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளோ 130 டிகிரிவாக்கிலேயே இளகிவிடும். எஃகு உறையில் ஈயம் லேசில் பிடிக்காது. பிடிக்கும்வரை சூடு உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும்.

பிறகு கம்பெனியில் எப்படி ஒட்டினார்கள்? செல்லின் தலையில் இருக்கும் நிக்கல் பட்டையைப் பாருங்கள். குண்டூசியால் குத்தியதுபோல் அருகருகே இரண்டு புள்ளிகள். ஸ்பாட் வெல்டிங் செய்த தடம். இரண்டு செம்பு முனைகளைப் பட்டையில் அழுத்தி, சில மில்லிவினாடிக்கு மட்டும் நூற்றுக்கணக்கான ஆம்பியர் மின்சாரம் விடுகிறார்கள். மின்தடை எங்கே அதிகமோ அங்கேதான் சூடு பிறக்கும். செம்பில் தடை குறைவு. நிக்கலும் எஃகும் தொடும் இடத்தில் அதிகம். வழவழப்பாகத் தெரிந்தாலும் அவை சில மேடுகளில்தான் தொட்டுக்கொள்கின்றன. அந்த இடம் மட்டும் உருகி ஒட்டும். சூடு உள்ளே இறங்குவதற்குள் மின்சாரம் நின்றுவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது, சில பட்டைகளில் இரு புள்ளிகளுக்கும் நடுவே இருக்கும் சிறு பிளவு. அது இல்லாவிட்டால் மின்சாரத்தில் பெரும்பகுதி பட்டை வழியாகவே குறுக்கே ஓடி அடுத்த முனைக்குப் போய்விடும். பிளவு இருந்தால் குறுக்கு வழி அடைபடும். கீழே எஃகில் இறங்கி, மறுபக்கம் ஏறித்தான் ஆகவேண்டும். கத்தரியால் போட்ட ஒரு வெட்டு, என்ன மூளை!

ஆகவே பட்டை வைத்த செல்லாகக் கேட்டு வாங்கி, பட்டையின் நுனியில் மட்டும் ஈயம் வையுங்கள். பழையதை எடுக்கும்போது ஒரு பட்டையை வெட்டி, டேப் ஒட்டிவிட்டு அடுத்ததை வெட்டுங்கள். கத்தரி இரண்டையும் ஒருசேரத் தொட்டால் ஷார்ட்தான். டார்ச் செல்லை வெயிலில் காயவைத்த பழக்கத்தில் இதையும் மொட்டைமாடிக்குக் கொண்டுபோகாதீர்கள். ரீசார்ஜ் செல்லுக்குச் சூடு ஆயுளைக் குறைக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2027 பிப்ரவரி 18 முதல், சில விலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றி மாற்றும்படி இருக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. நமக்கும் அப்படி ஒன்று வரட்டும் என்பது என் கட்சி. அதுவரை கத்தரியும் டேப்பும்தான்.