தோல் ஷூவின் விளிம்பு: சாயத்தைத் தொடுவதற்கு முன்

கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் பழைய தோல் ஷூக்கள் பெரும்பாலும் என் பட்டறைக்கு வருகின்றன. மேல்தோலைப் பளபளவென்று துடைத்திருப்பார்கள். அடித்தோலின் விளிம்போ சாம்பல் பூத்து, நார் நாராகக் கிளம்பி நிற்கும். அண்மையில் ஒருவர் தம் தந்தையார் அணிந்திருந்த கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூவைக் கொண்டுவந்தார். விளிம்பை நகத்தால் கீறிப் பார்த்தேன். பல முறை பூசிய திரவப் பாலிஷ், பழைய சுவரின் சுண்ணாம்பு போலப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. அடியில் நார்கள் கலைந்தபடியே இருந்தன.

மேல்தோல் பெரும்பாலும் குரோமிய உப்பில் பதனிடப்படுவது. அடித்தோலோ மரப்பட்டை போன்றவற்றின் துவர்ச்சாற்றில் ஊறிப் பதனாவது. இறுக்கமான அந்தத் தோலைச் சற்றே ஈரப்படுத்தி அழுத்தித் தேய்த்தால், நார்கள் படிந்து தானாகவே மினுங்கத் தொடங்கும். ஆகவே விளிம்பைச் சீராக்குவதில் முக்கால் பங்கு வேலை தேய்ப்பதில்தான் இருக்கிறது. சாயம் கடைசியில் வருவது.

முதலில் மேல்தோலின் ஓரத்தில் காகித டேப் ஒட்டிவிடுங்கள். 180 எண் உப்புத்தாளில் தொடங்கி, 320, பிறகு 600 என்று மாற்றி, விளிம்பின் நீளவாக்கில் மட்டும் தேய்க்க வேண்டும். மேலே, மேல்தோலையும் அடித்தோலையும் இணைக்கும் வெல்ட் என்ற தோல் பட்டையில் ஓடும் தையலுக்கு உப்புத்தாள் ஏறவே கூடாது. நூல் அறுந்தால் அடித்தோல் வாய்பிளக்கும். பின்னர் ஈரத்துணியால் ஒரு முறை ஒற்றி, எவர்சில்வர் கரண்டியின் முதுகால் அழுத்தி இழுங்கள். சொரசொரப்பு அடங்கி, விளிம்பு கொம்பைப் போல வழவழப்பாகும். அதன்மேல் தோல் சாயத்தைச் சிறு தூரிகையால் மெல்லியதாக இரு முறை பூசி, நன்றாக உலர்ந்தபின் தேன்மெழுகு தடவித் துணியால் தேய்த்தால் போதும். அவசரப்பட்டு வெயிலிலோ ஹேர் டிரையரிலோ உலர்த்தினால் தோல் விறைத்து வெடிக்கும்.

குதிகால் பகுதியில் கூடுதல் கவனம் தேவை. அடுக்கடுக்காகத் தோல் வைத்துக் கட்டியது போலத் தெரியும் குதிகால்கள் பலவற்றில், உள்ளே பிளாஸ்டிக்கும் வெளியே கோடு அச்சிட்ட மெல்லிய தாளுமே இருக்கும். அதில் உப்புத்தாளை வைத்தால் இரண்டே இழுப்பில் குட்டு வெளிப்பட்டுவிடும்! தோல் தூளை அழுத்திச் செய்த அட்டைக் குதிகால்களும் உண்டு. அவை ஈரம் பட்டால் ஊதி அடுக்கு பிரியும் என்பதால், அவற்றைத் தண்ணீர் தொடாமல் மெழுகோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. ரப்பர் அடிப்பாகத்துக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது.

அந்தக் கறுப்பு ஷூவில், இடக்கால் முனையில் கல்லில் இடித்த பள்ளம் ஒன்று ஆழமாக இருந்தது. அதைச் சமமாக்கத் தையல்வரை தேய்க்க வேண்டியிருக்கும் என்று அவரிடம் சொல்லிவிட்டு, பள்ளத்துக்குச் சாயம் மட்டும் காட்டி அப்படியே விட்டுவிட்டேன்.